தொட்டாற்சிணுங்கி என்று யாரைச் சொல்கிறார்கள்?

தேவகோட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். அவருடைய தம்பி காரைக்குடியில் கல்லூரியில் படிக்கிறான். அவனும் வகுப்புத் தோழி ஒருத்தியும் பிஜிஎம்ஐ என்ற, கைபேசியில் நால்வர் அணியாக ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தபோது முகம் தெரியாத இரண்டு பேர் அணியில் வந்து சேர்ந்தார்கள். மைக்கில் பெண் குரல் கேட்டதும் முதலில் எந்த ஊர் என்று விசாரித்தார்கள், பிறகு கைபேசி எண் கேட்டார்கள். அவள் பதில் சொல்லாமல் ஆடிக்கொண்டிருந்ததும் வசை தொடங்கிவிட்டது. அன்றோடு அவள் விளையாட்டை நிறுத்திவிட்டாள். தம்பியின் நண்பர்கள், “இதெல்லாம் சகஜம், தொட்டாற்சிணுங்கிகள் இங்கே வரக்கூடாது” என்கிறார்கள். ஆனால் அதே நண்பர்கள் ஒரு வெளிநாட்டு விளையாட்டில் சாமி உருவம் வந்ததைப் பார்த்துக் கொதித்துப்போனார்களாம். எது உண்மையாகப் புண்படுவது, எது மிகை, தம்பி அவளைத் திரும்ப அழைத்து வரலாமா என்பது கேள்வி.

அந்தப் பெண் விலகியது சரிதான். அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. அவளை யாரும் ஆட்டத்தின் பெயரால் சீண்டவில்லை. ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றுக்காகச் சீண்டினார்கள். “உனக்குச் சுடத் தெரியவில்லை” என்று சொல்லியிருந்தால் பேச்சு வேறு. கைபேசி எண் கேட்பதற்கும் துப்பாக்கி பிடிப்பதற்கும் என்ன உறவு?

இது அவள் ஒருத்திக்கு நேர்ந்த துரதிர்ஷ்டமும் இல்லை. ஹேலோ 3 விளையாட்டில் ஆய்வாளர்கள் முன்கூட்டியே பதிவு செய்த ஆண் குரலையும் பெண் குரலையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு, சக ஆட்டக்காரர்கள் என்ன பேசுகிறார்கள் என்று பார்த்தார்கள். பேசிய வார்த்தைகள் ஒன்றுதான், குரல் மட்டும் வேறு. பெண் குரலுக்கு வந்த ஏச்சு ஆண் குரலுக்கு வந்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. 2015இல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் வெளியான இன்னொரு கட்டுரை இதே விளையாட்டை எடுத்துக்கொண்டு, எந்த ஆண்கள் அதிகம் சீறுகிறார்கள் என்று பிரித்துப் பார்த்தது. நன்றாக ஆடுகிறவர்கள் பெண் குரலுக்கு ஒழுங்காகவே பதில் சொன்னார்கள். மோசமாக ஆடிய ஆண்கள்தான் அதிகம் சீறினார்கள். தம்பியின் நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். “சகஜம்” என்று சொல்கிற வாய் கொஞ்சம் தயங்கும்.

இனி, கேள்வியின் கடினமான பாதிக்கு வருகிறேன். காரைக்குடியில் வீட்டுக்கு வீடு கைபேசி வருவதற்கு முன்னால் நான் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்தினேன். மாலையானால் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து கவுன்டர் ஸ்டிரைக் ஆடுவார்கள். அந்த அறையில் கேட்ட பேச்சை இங்கே எழுத முடியாது. ஆனால் சண்டை வந்தது அபூர்வம். காரணம் எளிது. திட்டியவனும் திட்டு வாங்கியவனும் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் முகம் சுண்டினால் அடுத்தவனுக்கு உடனே தெரியும். இரண்டு நிமிடத்தில் “சும்மா சொன்னேன் மாப்பிள்ளை” என்று வந்துவிடும். ஒரே ஒருமுறை ஒரு பையன் இன்னொருவனைச் சாதியைச் சொல்லித் திட்டினான். அறை முழுவதும் விசைப்பலகைச் சத்தம் நின்றுபோனது. யாரும் பாடம் நடத்தவில்லை. அவனோடு ஆட மற்றவர்கள் மறுத்துவிட்டார்கள். அவனே எழுந்து காசைக் கொடுத்துவிட்டுப் போனான்.

கேலி செய்வதில் நம் பக்கத்தில் பழைய ஒழுங்கு ஒன்று இருக்கிறது. கல்யாண வீட்டில் வளவில் தாயக்கட்டம் போட்டு உட்காரும் ஆச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். காயை வெட்டிவிட்டு நாத்தனார் கொழுந்தியாளைப் பார்த்து அடிக்கிற கிண்டல் இருக்கிறதே, நால்வர் அணிப் பையன்கள் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. நிறம், சமையல், புருஷன், மாமியார் எதுவும் மிஞ்சாது. ஆனால் அதே ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அடுத்த வீட்டு மருமகளிடம் அந்த வார்த்தையில் பாதியைக்கூடச் சொல்ல மாட்டார். யார் யாரைக் கேலி செய்யலாம், எதைச் சொல்லி, எந்த அளவுக்கு என்பது அந்த வளவில் உள்ள குழந்தைக்கும் தெரியும். திருப்பிக் கேலி செய்யும் உரிமையும் எதிராளிக்கு உண்டு. அதனால்தான் அது கேலியாகவே முடிகிறது.

கைபேசி அணியில் இந்த உறவும் இல்லை, முகமும் இல்லை. முகம் காட்டாமல், பெயர் சொல்லாமல், பின்விளைவு இல்லாமல் பேச வாய்ப்புக் கிடைத்தால் நல்லவர்களுக்கும் வாய் நீளுவதை உளவியலாளர் ஜான் சூலர் 2004இலேயே விரிவாக எழுதினார். தம்பியின் நண்பர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளும் கிண்டலை எடுத்து முகம் தெரியாதவளுக்கும் பொருத்துகிறார்கள். “நாங்கள் ஒருவரை ஒருவர் இதைவிடக் கேவலமாகப் பேசுகிறோம்” என்பது அவர்களுடைய வாதம். பேசுங்கள், யார் தடுத்தது? நீங்கள் நான்கு வருடம் ஒரே பஸ்ஸில் போய்வந்தவர்கள். அவள் அந்த இரண்டு பேருக்கு யார்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எது புண்படுத்தும் என்பது அவரவர் வாழ்ந்த இடத்தின் வரலாற்றைப் பொறுத்தது. நம் ஊர்க் குடும்பங்களுக்கு மலேசியாவில் உறவு இல்லாத வீடு குறைவு. பள்ளத்தூர்ப் பையன் ஒருவன் கிள்ளானில் இருக்கும் அத்தை மகனோடு சேர்ந்து விளையாடினான். எதிரணியில் ஒருவன் அவர்களைப் பார்த்துக் “கெலிங்” என்று எழுதினான். பள்ளத்தூர்ப் பையன் அது ஏதோ வேடிக்கைப் பெயர் என்று சிரித்துவிட்டு, அத்தை மகனையும் அப்படியே அழைத்தான். அடுத்த நொடி அத்தை மகன் ஆட்டத்தை விட்டே போய்விட்டான். அங்கே தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் மீது வீசப்படும் இழிசொல் அது. பள்ளத்தூர்ப் பையனுக்கு அது தெரியாதது குற்றமில்லை. தெரிந்த பிறகும் “அவன் ரொம்பச் சிணுங்குகிறான்” என்று சொல்லியிருந்தால் அது குற்றம். நல்லவேளை, அவன் மன்னிப்புக் கேட்டான்.

நம் ஊரிலும் அப்படிப்பட்ட சொற்கள் உண்டு, எவை என்று எல்லோருக்கும் தெரியும். அணியின் பெயரிலேயே சாதிப் பட்டத்தை ஒட்டிக்கொண்டு ஆடுகிறவர்களை நான் நடத்தும் விளையாட்டுப் போட்டிகளில் பார்க்கிறேன். “வெறும் பெயர்தானே அண்ணே” என்பார்கள். கண்டதேவிக் கோயில் தேர், யார் வடம் பிடிப்பது என்ற சாதித் தகராறில் பல வருடம் ஓடாமல் நிலையிலேயே நின்ற மாவட்டத்தில் இருந்துகொண்டு, பட்டம் வெறும் பெயர் என்று சொல்ல நல்ல துணிச்சல் வேண்டும். பெயரை மாற்றினால்தான் நுழைவு என்று சொல்லிவிடுகிறேன். முணுமுணுத்துக்கொண்டே மாற்றுகிறார்கள். ஆட்டம் அதனால் கெட்டுப்போனதில்லை.

“இதெல்லாம் சகஜம்” என்கிற பதில் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். விளையாட்டுக்காரர்களை வெறும் முரடர்களாக ஒதுக்கிவிடுவது எனக்குப் பிடிக்காது. மோர்ட்டல் காம்பாட் என்ற சண்டை விளையாட்டு 1993இல் வீட்டில் ஆடும் கருவிகளுக்கு வந்தபோது நிண்டெண்டோ தன் பதிப்பில் ரத்தத்துக்குப் பதில் வியர்வையைத் தெறிக்கவிட்டது. போட்டி நிறுவனமான சேகாவின் பதிப்பில் ஒரு ரகசியக் குறியீட்டைப் போட்டால் ரத்தம் வரும். விற்பனையில் ஜெயித்தது ரத்தம்தான். அதே வருடம் டிசம்பரில் அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்தது. 1994இல் விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் கொடுக்கும் அமைப்பு பிறந்தது. அந்தக் காலத்திலிருந்தே விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு. வெளியே இருக்கிற யாரோ முகம் சுளிப்பார், நம் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்வார் என்கிற பயம். நம் நாட்டில் அது வெறும் பயமும் இல்லை. 2019 மார்ச்சில் ராஜ்கோட் போலீஸ் பப்ஜிக்குத் தடை போட்டு, விளையாடிய மாணவர்களைக் கைதே செய்தது. 2020 செப்டம்பரில் வேறு காரணத்துக்காக நாடு முழுவதும் தடை. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தபோது ரத்தம் பச்சை நிறத்தில் இருந்தது, “கொலை” என்ற கணக்கு “முடிப்பு” ஆகியிருந்தது. மறு வருடம் ஜூலையில் அதையும் நிறுத்தி, 2023 மே மாதம் மறுபடி விட்டார்கள். இத்தனை தடவை அடிபட்டவர்கள், யார் குறை சொன்னாலும் “விளையாட்டைப் பிடுங்க வந்துவிட்டாயா” என்று நிமிர்வதில் வியப்பில்லை.

கோளாறு என்னவென்றால், குறை சொல்கிறவள் இப்போது வெளியாள் அல்ல. அதே வரைபடத்தில், அதே வேகத்தில் ஆடுகிறவள். செனட் உறுப்பினருக்கும் போலீஸுக்கும் வைத்திருந்த பதிலை அணித் தோழிக்குக் கொடுக்கிறார்கள்.

சிணுங்கல் ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தமானதா என்ன? 2012இல் மாஸ் எஃபெக்ட் 3 முடிவு பிடிக்கவில்லை என்று ஆட்டக்காரர்கள் எழுப்பிய கூச்சலில், நிறுவனம் சில மாதங்களில் முடிவை நீட்டித்து இலவசமாக வெளியிட்டது. 2014இல் பெண்களை விளையாட்டுகள் எப்படிக் காட்டுகின்றன என்று விமர்சித்த அனிதா சர்க்கீசியன் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேச இருந்தார். துப்பாக்கிச் சூடு நடத்துவோம் என்று மிரட்டல் வந்தது, அவர் பேச்சை ரத்து செய்தார். 2020இல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில் ஆபி என்ற பாத்திரத்துக்குக் குரலும் நடிப்பும் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் செய்த குற்றம், கதையில் அந்தப் பாத்திரம் செய்த காரியம்! கதைப் பாத்திரத்தின் மேல் உள்ள கோபத்தில் நடிகைக்கு மிரட்டல் எழுதுகிறவனை எந்தச் செடியோடு ஒப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் பார்த்தவரை, “மற்றவர்கள் ரொம்பச் சிணுங்குகிறார்கள்” என்று உரக்கச் சொல்கிறவர்களில் பலர் தங்களுக்குப் பிடித்ததைத் தொட்டால் பத்து மடங்கு சிணுங்குகிறவர்கள். அதனால் யார் புண்படுகிறார்கள் என்று பார்ப்பதில் பயன் குறைவு. எல்லோரும்தான் புண்படுகிறோம். ஆளைக் குறிவைத்துச் சொன்னதா, ஆட்டத்தைப் பற்றிச் சொன்னதா, கேட்டவரால் சம நிலையில் நின்று திருப்பிச் சொல்ல முடியுமா, அல்லது வெளியேறுவதுதான் ஒரே வழியா என்றுதான் நான் பார்ப்பேன்.

சாமி உருவ விஷயம் இதைவிடச் சிக்கல். இங்கே இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும். 2002இல் வந்த ஹிட்மேன் 2இல் கதாநாயகன் அமிர்தசரஸ் பொற்கோயிலை ஒத்த இடத்தில் சீக்கியர்களைச் சுடும் பகுதி இருந்தது. 1984இல் அங்கே என்ன நடந்தது என்பது நினைவிருக்கிற சமூகம் எதிர்த்தது. பிறகு வந்த பதிப்பில் அந்தப் பகுதியை மாற்றினார்கள். அதை மிகை என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. 2008இல் லிட்டில் பிக் பிளானட் வெளிவரும் தறுவாயில், அதன் ஒரு பாடலில் குரான் வரிகள் வருவதை ஓர் ஆட்டக்காரர் சுட்டிக்காட்டினார். சோனி உலகம் முழுவதும் வட்டுகளைத் திரும்பப் பெற்று, பாட்டுக் குரலை நீக்கி வெளியிட்டது. ஆனால் அந்தப் பாடலை உருவாக்கிய மாலி நாட்டு இசைக்கலைஞர் தூமானி தியாபதே தாமே ஒரு முஸ்லிம். தங்கள் நாட்டில் அப்படிப் பாடுவது இயல்பு என்றார் அவர். ஒரே மதத்துக்குள்ளேயே ஒருவருக்குப் பக்தி, இன்னொருவருக்கு அவமதிப்பு. இங்கே நீதிபதி நாற்காலியில் உட்கார யாருக்கும் எளிதில்லை.

காளி, மற்ற தெய்வங்களோடு சேர்ந்து மோதும் பாத்திரமாக வந்த ஸ்மைட் விளையாட்டுக்கு 2012இல் அமெரிக்க இந்து அமைப்பு ஒன்று கண்டனம் தெரிவித்தது. தம்பியின் நண்பர்கள் கொதித்ததும் இந்த வகைதான் என்று நினைக்கிறேன். கொல்லங்குடி வெட்டுடையார் காளி சன்னதியில் அநியாயம் செய்தவன் பெயரைச் சொல்லிக் காசு வெட்டிப் போடும் பழக்கம் உள்ள சீமையில், காளியைப் பொத்தானை அழுத்தி ஆட்டுவது சிலருக்கு உறுத்தத்தான் செய்யும். எனக்கு உறுத்தியது காளி சண்டை போட்டது அல்ல, அவளுக்குச் சண்டை பழக்கம்தான். உடுத்தியிருந்த விதம்தான் கண்ணை உறுத்தியது. ஆனால் இது என் கருத்து. என்னைப் போலவே கொல்லங்குடிக்குப் போகிற என் அண்ணன் மகன் அதைப் பார்த்து மகிழ்ந்து ஆடுகிறான்.

நண்பர்களின் கோபம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. தங்களுக்குப் புனிதமான ஒன்றை அந்நியன் அலட்சியமாகக் கையாள்வது எப்படி வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரிகிறது. அந்த அறிவைத் தோழிக்குக் கொஞ்சம் செலவழிக்கச் சொல்லுங்கள்.

மிகை எங்கே என்றும் கேட்டீர்கள். அதுவும் உண்டு, நிறையவே உண்டு. எதிரியை வீழ்த்திவிட்டு, செத்த இடத்தில் அவன் பொருள்களோடு கிடக்கும் பெட்டிக்கு முன்னால் நடனம் ஆடியதற்காக அந்த அணியைத் தகுதி நீக்கம் செய்யச் சொல்லி என்னிடம் புகார் வந்திருக்கிறது. நடனம் விளையாட்டே கொடுத்தது. ஆடியவன் அடுத்த வட்டத்தில் செத்தான். அதுவே போதும். “நூப்”, அதாவது ஆடத் தெரியாத கத்துக்குட்டி, என்று சொன்னதற்குப் புகார், தோற்றவுடன் எதிரணி முழுவதும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான்கு பேரும் சேர்ந்து புகார். இதெல்லாம் தோல்வியை விழுங்க முடியாத தொண்டைக் கோளாறு. இப்படி எல்லாவற்றுக்கும் புகார் பொத்தானை அழுத்துகிறவர்களால்தான் அந்தப் பெண்ணின் புகாருக்கும் மதிப்பு இல்லாமல் போகிறது.

யாரும் கேட்காமலே முன்கூட்டிப் பயப்படுவதும் மிகைதான். 2008இல் ஃபால்அவுட் 3 விளையாட்டை இந்தியாவில் வெளியிடப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. சொன்ன காரணம், பண்பாட்டு உணர்வுகள். எந்த உணர்வு என்று விளக்கவில்லை. விளையாட்டில் வரும் இரட்டைத்தலை மாட்டுக்கு “பிராமின்” என்று பெயர் இருந்ததுதான் காரணம் என்று ஆட்டக்காரர்கள் ஊகித்தார்கள். அதுவரை இங்கே ஊர்வலம் இல்லை, மறியல் இல்லை. வட்டு வந்திருந்தால் வாங்குகிறவன் வாங்கியிருப்பான்.

பேச்சைக் கட்டுப்படுத்தினால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வேடிக்கை. ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டு விளையாட்டில் எதிராளியிடம் சொந்தமாக எதையும் எழுத முடியாது, அவர்கள் கொடுத்த ஐந்தாறு பண்பான வாசகங்கள்தான். அதிலும் “மன்னிக்கவும்” என்பதை வெட்டிச் சாய்த்த பிறகு அழுத்தி அழுத்தி வெறுப்பேற்றினார்கள். 2016இல் அந்த “மன்னிக்கவும்” எடுக்கப்பட்டு “ஆகா” வந்தது. அதையும் அதே வேலைக்குத்தான் பயன்படுத்தினார்கள். ஓவர்வாட்ச் உருவாக்கியவர்கள் கெட்டிக்காரர்கள். ஜெயித்த திமிரில் “ரொம்ப எளிது” என்று பொருள்படும் சுருக்கத்தை எழுதினால், திரையில் “தூங்கும் நேரம் தாண்டிவிட்டது, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்” என்பது போன்ற வாசகம் வந்து விழும். திட்டியவனே நகைப்புக்கு இடமாவான். தாயக்கட்டத்து ஆச்சிகள் பாராட்டியிருப்பார்கள்.

லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் விளையாட்டில் நடந்தது இன்னும் உதவியானது. எதிரணியோடு உரையாடும் வசதியை அடியோடு நீக்காமல், வேண்டுமென்றால் திறந்துகொள்ளலாம் என்று இயல்பாக மூடி மட்டும் வைத்தார்கள். உரையாடலின் அளவு பெரிதாகக் குறையவில்லை. கேவலமான பேச்சு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அமைப்பை லேசாக மாற்றினாலே வாய் கொஞ்சம் யோசிக்கிறது.

அந்தப் பெண்ணை மனம் மாற்றி அழைத்து வரச் சொல்லித் தம்பியை அனுப்பாதீர்கள். அவள் மேல் குறையில்லை, அவளிடம் சொல்ல எதுவும் இல்லை. தம்பி பேச வேண்டியது தன் நண்பர்களிடம். முகம் தெரியாதவர்களோடு சேரும்போது மைக்கைச் சொந்த ஆட்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம், வசை வந்தால் ஆட்டம் முடிந்த கையோடு விளையாட்டுக்குள்ளேயே புகார் கொடுக்கலாம். திரைப்பதிவு ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. இதெல்லாம் துணைக்குத்தான். அந்த இரண்டு பேர் பேசத் தொடங்கியபோது தம்பி அதே அணியில் மைக்கோடு இருந்தான். அவன் என்ன சொன்னான் என்று நீங்கள் எழுதவில்லை. அதை அவனிடம் கேளுங்கள்.

கல்லூரியில் போட்டி நடத்தப்போகிறார்கள் என்றால், சாதி, மதம், பெண் என்று ஆளைக் குறிவைத்துப் பேசினால் அந்தச் சுற்றின் புள்ளிகள் போகும் என்று நுழைவுப் படிவத்திலேயே ஒரு வரி அச்சடிக்கச் சொல்லுங்கள். ஆட்டத்தைக் கிண்டல் செய்ய முழு அனுமதி என்று அடுத்த வரியும் வேண்டும், இல்லாவிட்டால் நடனத்துக்கெல்லாம் புகார் வரும். நடுவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். நான் நடத்தும் போட்டிகளில் இந்த இரண்டு வரியும் படிவத்தில் இருக்கின்றன, கையெழுத்துப் போடாதவர்களுக்கு ஆட்டத்துக்குள் நுழைவதற்கான அறை எண் அனுப்புவதில்லை.